சின்னப் பானைச் சோறு

எங்கள் வீட்டில் சொத்து என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. பிடிவாதம் மட்டும் தாராளமாக இருந்தது. அதை அம்மா பிறந்த வீட்டுச் சீராகக் கொண்டுவந்தாள் என்பார் அப்பா. அதில் பாதி எனக்கு வந்து சேர்ந்தது. மீதிப் பாதியை அம்மா கடைசிவரை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக்காரர்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் எங்களுடையது கடைசி. அப்பாவுக்கு இஞ்சின் கொட்டகையில் வேலை. விடிந்ததும் போய், பொழுது சாய்கிற நேரத்தில் கரியும் எண்ணெயுமாகத் திரும்புவார். அம்மா, அப்பா, நான், அப்போதுதான் நடக்கப் பழகிய தம்பி, நாலே பேர். வீட்டை ஒட்டி ஒரு வாய்க்கால் ஓடியது. வாய்க்காலின் மேல் ஒரு பலகை கிடந்தது. பலகையைத் தாண்டினால் செங்கற்சூளையில் வேலை செய்த சீனர்களின் அத்தாப்பு ஓலைக் குடிசைகள். நான் சொல்லப்போவது முழுக்க அந்தப் பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்ததுதான்.

எனக்கு எட்டு வயது இருக்கும். என் வாழ்க்கையில் அப்போது இருந்த ஒரே துக்கம் புழுங்கலரிசிச் சோறு. நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்திய அந்த அரிசி ரங்கூனிலிருந்து கப்பலில் வரும். வரும்போதே ஒரு வாடையையும் கூட்டிக்கொண்டு வரும். உலையில் போட்டதும் அந்த வாடை வீடெல்லாம் நிறைந்து, துவைத்த பாவாடையில்கூட ஏறிக்கொள்ளும். சோறோ பழுப்பாக, தடித்தடியாக இருக்கும். வெள்ளை வெளேரென்ற பச்சரிசி எங்கள் வீட்டில் பொங்கலுக்கும் படையலுக்கும் மட்டும்தான். சாமி தின்றது போக மிஞ்சினால் எனக்கு ஒரு கை கிடைக்கும். நாள் முழுக்கச் சும்மா நிற்கிற சாமிக்கு வெள்ளைச் சோறு, பள்ளிக்கூடம் போய்வருகிற எனக்குப் பழுப்புச் சோறா என்று அம்மாவிடம் நியாயம் கேட்டேன்.

"பச்சரிசி வயித்துல நிக்காதுடி. உழைக்கிற சனத்துக்குப் புழுங்கலரிசிதான். எங்கப்பன் தின்னது, அவுங்கப்பன் தின்னது. நீ மட்டும் என்ன சீமையில பொறந்தவளா?" என்றாள் அம்மா. அத்துடன் விசாரணை முடிந்தது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தினமும் பொங்கல்தான். சூளை முதலாளி தௌக்கே கூலியில் பெரும் பங்கைச் சயாம் பச்சரிசியாகவே அளந்து கொடுத்துவிடுவான். அங்கே என் வயதுக்காரி ஒருத்தி இருந்தாள். ஆ மொய் என்று கூப்பிடுவார்கள். சீன வீட்டுச் சின்னப் பெண்கள் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. என்னைப் பொறுத்தவரை உலகத்தில் ஒரே ஒரு ஆ மொய்தான். அவள் அம்மாவை நாங்கள் நொன்யா என்போம். இரண்டு வீட்டுக்கும் நடுவே பேச்சு பாதி மலாய், பாதி தமிழ், மீதி கைஜாடை. அதில் ஒரு குறையும் எங்களுக்குத் தெரிந்ததில்லை.

அந்த வருஷம் மழை பிடித்த நேரத்தில் ஆ மொய்யின் அப்பாவுக்குக் கால் வீங்கியது. மண் மிதிக்கிற ஆள், நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். திரும்பி வரவில்லை. சூளைக் குடிசைகளுக்கு அந்தச் சாவு புதிதல்ல. வருஷத்துக்கு ஓரிருவர் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். குடிசை பறிபோய்விடக் கூடாதே என்று நொன்யா அடுத்த வாரமே செங்கல் சுமக்கப் போனாள்.

கொஞ்ச நாளில் அவள் காலும் கனக்க ஆரம்பித்தது. பலகையைத் தாண்டி வரும்போது நடுவில் நின்று நின்று வந்தாள். கிள்ளானில் பிள்ளை இல்லாத கடைக்காரர் ஒருவர் ஆ மொய்யைத் தத்து கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். "நான் படுத்துட்டா, குடுத்துடுறது" என்று நொன்யா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு இருந்த கூட்டாளி அவள் ஒருத்திதான். கிள்ளான் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ரயில் ஏறிப் போகிற இடம் என்பது மட்டும் தெரியும். ரயில் ஏறியவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஆஸ்பத்திரியில் டிரெஸராக இருந்தார். புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் மருந்து கலப்பதும் அவர் வேலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்ததும், காப்பிகூடக் கொடுக்காமல் அம்மா அவரைப் பலகைக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். மாமா குந்தி உட்கார்ந்து, நொன்யாவின் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்தார். விரல் இருந்த இடத்தில் குழி விழுந்து, குழி அப்படியே நின்றது. எனக்கும் ஆ மொய்க்கும் அது நல்ல வேடிக்கையாக இருந்தது. எங்கள் கால்களையும் அழுத்திப் பார்த்தோம். எங்களுக்குக் குழி நிற்கவில்லை என்று வருத்தப்பட்டோம்.

"பெரிபெரிதான் அக்கா," என்றார் மாமா. "இப்ப ஆஸ்பத்திரியில இந்த நோய்க்காரங்களுக்குப் பச்சரிசியே கிடையாது. நம்ம புழுங்கலரிசிதான் பொங்கிப் போடுறோம்."

"நம்ம அரிசியா?"

"நம்ம அரிசியேதான். பச்சரிசியத் தீட்டித் தீட்டிச் சத்தெல்லாம் போயிடுதாம், புழுங்கலரிசில அது நிக்குதாம். தொரைமாருங்க சொல்றாங்க. எப்படியோ, இதத் தின்னவன் எழுந்து நடக்குறான். இந்தம்மாவும் தின்னணும், இந்தப் பொண்ணும் தின்னணும்."

அம்மா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். சீமைத் துரையே தன் பக்கம் சாட்சி சொல்ல வந்துவிட்ட பெருமை அதில் இருந்தது.

ஆனால் நொன்யா புழுங்கலரிசிக்கு எங்கே போவாள்? கூலி அரிசியாக வந்தது. கையில் காசு நிற்கவில்லை. சும்மா கொடுத்தால் அவள் வாங்கமாட்டாள். பிடிவாதத்தில் அவள் எங்கள் வீட்டுக்கு ஒரு மாற்றும் குறைந்தவள் இல்லை. அம்மா ஒரு வழி சொன்னாள்: "உன் அரிசி எனக்கு, என் அரிசி உனக்கு. எங்க கடை பாய் பச்சரிசிய எடுத்துக்குவாரு. எனக்கு ஒரு நட்டமும் இல்ல." நொன்யா யோசித்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

கடை பாய் ஒருமுறை அளந்து வெளியே போன அரிசியைத் திரும்பத் தொடமாட்டார் என்பது எங்கள் வரிசையில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தெரியாது.

மறுநாளே பரிமாற்றம் தொடங்கியது. அளப்பதற்கு ஒரு பழைய பால் டின். பிறத்தியாருக்கு அளக்கும்போது தலைதட்டி அளக்கக் கூடாது, கோபுரமாகக் குவிய வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். குவித்துக் கொடுத்தாள். நொன்யா அதைக் கவனித்துக்கொண்டாள். அவள் முறை வந்தபோது டின்னைச் சுற்றிக் கையால் அணை கட்டி அம்மாவின் கோபுரத்தைவிட உயரமாக எழுப்பினாள். அடுத்த தடவை அம்மாவும் கையால் அணை கட்டினாள். இப்படி இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தோற்கடிக்கப் பார்த்ததில் சிந்தியதெல்லாம் கோழிக்கு லாபம். கடைசியில் நொன்யா ஒவ்வொரு டின்னுக்கும் மேலே ஒரு பிடி போட்டுவிட்டு, அம்மா மறுப்பதற்குள் நடந்துவிடுவது என்று கண்டுபிடித்தாள். அதனால் எங்கள் வீட்டுக்குள் வந்த பச்சரிசி வெளியே போன அரிசியைவிடக் கூடுதல். அன்றைக்கு நான் அதை அம்மாவின் சாமர்த்தியம் என்று எண்ணினேன்.

நொன்யா மருந்து என்று கண்ணை மூடிக்கொண்டு தின்றுவிட்டாள். ஆ மொய்தான் முரண்டு பிடித்தாள். தட்டை மோந்து பார்த்து, "பூசோக்!" என்று மூக்கைப் பிடித்தாள். நாற்றமாம். இதை நான் பல வருஷமாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன், கேட்கத்தான் ஆள் இல்லை. அவள் இரண்டு நாள் வெறும் வயிற்றோடு கிடந்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"பிள்ளை பிள்ளையப் பாத்துத்தான் தின்னும். அவ முன்னால உக்காந்து நீ தின்னு. ஆசையாத் தின்னு. மொகத்தச் சுளிச்சே, முதுகுத் தோல உரிச்சுடுவேன்."

இப்படியாக, புழுங்கலரிசியின் பரம எதிரியான நானே அதன் ஏஜெண்டாக நியமிக்கப்பட்டேன். அடிக்குப் பயந்தல்ல, கிள்ளானுக்குப் பயந்து ஒத்துக்கொண்டேன். சீனர்கள் காலையில் கஞ்சி குடிப்பார்கள் என்பதால் அம்மா கஞ்சியில் ஆரம்பித்தாள். வறுத்த நெத்திலிக் கருவாடும் ஒரு பச்சை மிளகாயும் பக்கத்தில். நான் ஒவ்வொரு வாய்க்கும் "ஆகா" என்றேன். கண்ணை உருட்டினேன், விரலை நக்கினேன். நாடகக் கொட்டகையில் என்னைச் சேர்த்திருந்தால் அந்த வருஷம் நல்ல பேர் வாங்கியிருப்பேன். ஆ மொய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் நெத்திலியை மட்டும் பொறுக்கினாள். மறுநாள் நெத்திலியைக் கஞ்சியில் தோய்த்துத் தின்றாள். மூன்றாம் நாள் என் கிண்ணத்தைப் பிடுங்கிக் குடித்துவிட்டு, அவள் கிண்ணத்தில் இருந்ததைவிட இதுதான் நன்றாக இருக்கிறது என்றாள். இரண்டும் ஒரே பானைக் கஞ்சி.

கஞ்சியிலிருந்து சோற்றுக்கு ஏறினோம். ரசம் ஊற்றிய புழுங்கலரிசிச் சோற்றைக் குச்சியால் எடுக்க முடியாமல் அவள் தவித்ததைப் பார்த்து, கையால் பிசைந்து உருட்டச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு நாள் ரெண்டாம் தரம் சோறு கேட்டு நானே தட்டை நீட்டிவிட்டேன். பக்கத்தில் ஆ மொய்கூட இல்லை. பார்த்து நடிக்க ஆள் இல்லாத நேரத்தில் எனக்கு எப்படி ருசித்தது என்று என் மேலேயே கோபம் வந்தது. அம்மா சோற்றைப் போட்டாள்.

நான் இவ்வளவு தியாகம் செய்துகொண்டிருந்தபோது, எங்கள் அடுப்பில் வேறொரு காரியம் நடந்தது. பெரிய பானையில் எங்கள் மூன்று பேருக்கும் புழுங்கலரிசி. பக்கத்தில் ஒரு சின்னப் பானை. அதில் பச்சரிசி. அது அம்மாவுக்கு. எல்லாரும் தின்ற பிறகு, அம்மா தனியாக உட்கார்ந்து அந்த வெள்ளைச் சோற்றைத் தின்பாள். பொங்கல் இல்லை, படையல் இல்லை, சும்மா ஒரு செவ்வாய்க்கிழமையில்!

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாய் எடுத்துக்கொள்வார் என்று நொன்யாவிடம் சொன்னது பொய். ஊருக்கு உபதேசம் புழுங்கலரிசி, தனக்குப் பச்சரிசி. கேட்டால், "எனக்கு இது பழகிருச்சு, நீ போடி" என்றாள்.

ஒரு மத்தியானம் அப்பாவுக்கும் பொறுக்கவில்லை. தன் தட்டைத் தள்ளிவிட்டுச் சின்னப் பானையை இழுத்தார். "ஒரு நாளைக்கு நான் தின்னா என்ன?"

"கைய எடுங்க." அம்மா பானையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். "உங்க கால்லதான் நாலு வயிறு நிக்குது."

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து கை கழுவப் போனார். தட்டில் சோறு அப்படியே இருந்தது. சம்பாதித்துக் கொண்டுவருகிறவருக்கே இந்தக் கதி என்றால் எனக்கு எங்கே கிடைக்கப்போகிறது என்று நினைத்தேன். இனி கேட்டுப் பயனில்லை, எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

அம்மாவுக்கு அந்த நாட்களில் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. விளக்கு ஏற்றிய பிறகு வாசற்படியில் உட்கார்ந்து, தன் காலைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்ப்பாள். தினமும் விருந்துச் சோறு தின்றால் கால் வலிக்காமல் என்ன செய்யும் என்று எனக்குள் கறுவிக்கொள்வேன். தம்பி அவள் பக்கத்தில் உட்கார்ந்து தன் குட்டிக் காலை அதே மாதிரி அழுத்துவான்.

அவள் குழாயடிக்குப் போன சமயம் பார்த்துச் சின்னப் பானைக்குள் கையை விட்டேன். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு முடிக்கவில்லை, பின்னாலேயே வந்துவிட்டாள். குடத்தைக் கீழே போட்டாள். என் தாடையைப் பிடித்து வாய்க்குள் விரலை விட்டு, கடைசிப் பருக்கை வரை தோண்டி எடுத்தாள். நான் கடித்தேன். அப்போதும் விடவில்லை. தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்க வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"இதத் தொடாதடி. இனி தொட்டே, நான் செத்துட்டேன்னு வச்சுக்க."

ஒரு வாய்ச் சோற்றுக்கு இப்படி ஒரு தாய் சொல்வாளா? இந்த வீட்டில் இனி பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று சபதம் போட்டுக்கொண்டு பலகையைத் தாண்டினேன். நொன்யா நல்லவள். அவளிடம் கேட்டால் வெள்ளைச் சோறு கொடுப்பாள்.

நொன்யா என்னை ஆ மொய் பக்கத்தில் உட்காரவைத்துத் தட்டில் சோறு போட்டாள். பழுப்புச் சோறு. எங்கள் வீட்டுச் சோறு. ஆ மொய் அதை என்னைவிட அழகாகக் கையால் உருட்டித் தின்றுகொண்டிருந்தாள். நான் ஓவென்று அழுதேன்.

"ஏன் அழுவுது? தின்னு லா," என்றாள் நொன்யா.

"எங்கம்மா வெள்ளச் சோறு தனியாப் பொங்கித் தின்னுது. எனக்குத் தரமாட்டுது. வாயில போட்டதையும் புடுங்கிருச்சு."

நொன்யாவுக்கு முதலில் பிடிபடவில்லை. "கடை பாய்?" என்றாள்.

"பாய்க்கு ஒண்ணும் குடுக்கல. எல்லாத்தையும் அதுவே தின்னுது. தினமும்!" மலாயிலும் சொன்னேன். கையாலும் காட்டினேன். வாயிலிருந்து வயிறு வரை காட்டினேன்.

நொன்யாவின் கையில் அகப்பை அப்படியே நின்றது. பிறகு அதை வைத்துவிட்டு வெளியே நடந்தாள். பலகையில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அவ்வளவு வேகம் அவள் காலுக்கு அதற்குள் வந்திருந்தது. போலீஸைக் கூட்டிக்கொண்டு போகிற தைரியத்தில் நான் பின்னாலேயே போனேன்.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நொன்யா அவள் முன்னால் குந்தி, அவள் காலைப் பிடித்து இழுத்தாள். அம்மா இழுத்துக்கொண்டாள். நொன்யா விடவில்லை. குனிந்தாள். பிறகு சீனத்தில் சத்தம் போட ஆரம்பித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, அம்மாவுக்கும் புரிந்திருக்காது. அம்மா தமிழில் பதிலுக்குச் சத்தம் போட்டாள். அது நொன்யாவுக்குப் புரிந்திருக்காது. கடைசியில் இரண்டு பேரும் அழுதார்கள். நல்லா வேணும் என்று நின்றேன்.

அந்த வாரக் கூலி அரிசியை நொன்யா எங்கள் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. நேரே தௌக்கேயிடம் கொண்டுபோய், அவன் மூட்டையிலேயே கொட்டிவிட்டு, அரிசி வேண்டாம், காசாகக் கொடு என்றாளாம். அவன் முடியாது என்றதும் சூளை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாளும் உட்கார்ந்தாள். புருஷனைக் கால் வீக்கத்துக்குக் கொடுத்த இன்னும் சில பெண்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். மழைக்கு முன்னால் சூளைக்குள் போக வேண்டிய சுடாத பச்சைக் கல் வெளியே அடுக்கிக் கிடந்தது. தௌக்கே வானத்தைப் பார்த்தான், பெண்களைப் பார்த்தான், ஒத்துக்கொண்டான். அதன் பிறகு நொன்யா கடை பாயிடம் தானே போய்ப் புழுங்கலரிசி வாங்கினாள். சின்னப் பானை பரணுக்குப் போனது.

ஆ மொய் தத்துப் போகவில்லை. பெரியவளாகி, கிள்ளானுக்கே வாழ்க்கைப்பட்டுப் போனாள். நான் அங்கே போனால் இன்றைக்கும் எனக்குப் புழுங்கலரிசிக் கஞ்சியும் நெத்திலியும்தான். அதை அவள் பிள்ளைகள் தங்கள் சீனத்துச் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் திருத்துவதில்லை.

எனக்கோ நீதி கிடைத்துவிட்டது. பேராசை பிடித்த அம்மாவை நொன்யா வந்து தட்டிக்கேட்டாள், அதனால்தான் அம்மா அழுதாள் என்று பல வருஷம் நம்பினேன். எனக்குக் கல்யாணமாகி, அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு நாள் இந்தக் கதையை மாமாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். மாமா சிரிக்கவில்லை.

"உங்கம்மாவுக்கு எல்லாம் தெரியும். அரிசியக் கீழ கொட்ட மனசு வரல, உங்களுக்குப் போடவும் மனசு வரல. பருப்பும் கீரையும் தின்னதுல கொஞ்சம் தாங்குச்சு. கடைசியில அவ காலும் கனத்துப்போச்சு, என்கிட்டகூடச் சொல்லல. நீ போயி அந்தம்மாகிட்டக் கோள் சொன்னியே, அதுலதான் பொழச்சா."

அன்று நொன்யா குனிந்து என்ன செய்தாள் என்று இப்போது எனக்குத் தெரியும். தன் காலில் மாமா செய்ததை நொன்யா என் அம்மாவின் காலில் செய்து பார்த்தாள். கட்டைவிரலை வைத்து அழுத்தி, எடுத்தாள். குழி விழுந்திருக்கும். அது நின்றிருக்கும். நான் இரண்டு எட்டுத் தள்ளித்தான் நின்றேன், எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. அம்மா அழுதுகொண்டிருந்தாள், இனி அவள் தின்னமாட்டாள், அப்படியானால் இன்றைக்குப் பொங்கிய வெள்ளைச் சோறு எனக்குத்தான் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, நான் அடுப்பின் மேல் இருந்த சின்னப் பானையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.